முதலில் வந்த மீன்

ஜூன் 9, ஞாயிறு

ஒன்பதாம் வகுப்பில் அங்கயற்கண்ணி என்று ஒரு பெண் இருந்தாள். ஆள் மெலிவு, கேள்வி மட்டும் கனம். ஒருநாள் எழுந்து நின்று, "சண்டை போடறவங்களையே ஏனுங் டீச்சர் பக்கத்துல பக்கத்துல உக்கார வெக்கறீங்க?" என்று கேட்டாள். "தூரமா உக்கார வெச்சா சண்டை சத்தமா நடக்கும்" என்றேன். வகுப்பே சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. பதில் போதவில்லை என்ற முகத்தோடு உட்கார்ந்தாள்.

இன்று மாப்பிள்ளை பொன்ராஜ் கேட்டதும் ஏறக்குறைய அதே கேள்விதான். "எந்த மீனோட எந்த மீன் ஒத்துப்போகும் அத்தை?"

சென்னையில் மகள் வீட்டு ஹாலில் நான்கடி நீளத்துக்கு உப்புநீர்த் தொட்டி ஒன்று நிற்கிறது. உள்ளே கல், மணல், விளக்கு, குமிழி எல்லாம் இருக்கின்றன. மீன் மட்டும் இல்லை. தண்ணீர் பழகட்டும் என்று இத்தனை நாள் காத்திருந்தார். இப்போது தண்ணீர் பழகிவிட்டது, மாப்பிள்ளைக்கு ஆபீசில் வேலை கூடிவிட்டது. பொறுப்பு என் தலையில் விழுந்திருக்கிறது. நான் ஈரோட்டுக்காரி. கடலையே சுற்றுலா கூட்டிப்போன பிள்ளைகளை எண்ணிக்கொண்டேதான் பார்த்திருக்கிறேன்.

அடுத்த ஞாயிறு மாப்பிள்ளையின் அம்மா சண்முகக்கனி தூத்துக்குடியிலிருந்து வருகிறார். என்னைப் போல அவரும் தனியாள். பங்குனியில் குளியலறையில் வழுக்கி விழுந்து, பால்காரம்மா வந்து கதவைத் தட்டும்வரை அப்படியே கிடந்திருக்கிறார். அதிலிருந்து மாப்பிள்ளைக்குச் சரியான தூக்கம் கிடையாது. கொஞ்ச நாள் இங்கே இருந்து பார்க்கட்டும், ஒத்துவந்தால் நிரந்தரமாகத் தங்கட்டும், இல்லையென்றால் ஊருக்கே திரும்பட்டும் என்று பேசி முடித்திருக்கிறார்கள். எனக்கும் அவருக்கும் ஒரே அறை.

எனக்கு ஒரு ஆட்சேபமும் இல்லை. என் கட்டிலை ஜன்னல் ஓரமாக நகர்த்திப் போட்டுக்கொண்டேன்.

ஜூன் 10, திங்கள்

மகள் சௌமியாவோடு கொளத்தூர் போனேன். தெரு முழுக்க மீன் கடைகள். ரஃபீக் என்பவர் கடையில் நுழைந்தோம். ஒவ்வொரு மீனுக்கும் மூன்று கேள்வி வைத்திருந்தேன்: எவ்வளவு பெரிதாக வளரும், யாரோடு சண்டை போடும், யாரைச் சாப்பிடும்.

விசிறி விசிறியாகச் செட்டை விரித்து ஒன்று நின்றது. ராஜ நடை. "சிங்க மீன், டீச்சரம்மா. ரொம்ப சாது. யார் வம்புக்கும் போகாது" என்றார் ரஃபீக்.

"யாரைச் சாப்பிடுமுங்க?"

"வாய்க்குள்ள போறதை எல்லாம்."

இப்படி ஒரு பையன் என் வகுப்பில் இருந்தான். யாரோடும் சண்டை கிடையாது. பக்கத்துப் பிள்ளையின் டிபன் பாக்ஸ் மட்டும் காலியாகும். வேண்டாம் என்றேன்.

ஒரே நிறம், ஒரே வடிவத்தில் இருப்பவை ஒன்றையொன்று விரட்டும் என்றார். இதைப் புத்தகம் பார்க்காமலே நம்புகிறேன். பக்கத்து வகுப்புக் கணக்கு டீச்சரும் நானும் ஒரே நிறச் சேலையில் வந்த நாட்களில் அப்படித்தான் நடந்தது.

கடைசியில் கட்டைவிரல் அளவில் ஒரு நீலப் பொடியனை எடுத்தேன். டாம்சல் என்று பெயர். மின்சாரம் பாய்ந்த மாதிரி நீலம், துறுதுறு. "இவனையா முதல்ல விடப் போறீங்க?" என்றார் ரஃபீக். ஆமாம் என்றேன். புது வகுப்பு தொடங்கினால் முதலில் லீடரைப் போட வேண்டும். பின்னால் வருகிறவர்களுக்கு அவன் பழக்கிக் கொடுப்பான். ரஃபீக் தலையைச் சொறிந்துகொண்டு, "உங்க இஷ்டம்" என்றார்.

ஜூன் 13, வியாழன்

லீடர் நன்றாகச் சாப்பிடுகிறான். இடது பக்கக் குகையைத் தனதாக்கிக்கொண்டான். நேற்று நடுப்பாறையும் அவனுடையதாயிற்று. இன்று குமிழி வரும் மூலையையும் பார்வையிட்டான். பொறுப்பான பிள்ளை.

நானும் சும்மா இருக்கவில்லை. ஏப்ரலில் நான் வந்தபோது இந்த வீட்டுச் சமையலறை இருந்த இருப்பைச் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். ரவை இருந்த டப்பாவில் ஒரு ஸ்க்ரூடிரைவர் இருந்தது. இப்போது எல்லா டப்பாவுக்கும் பெயர் ஒட்டியாகிவிட்டது. மேல்தட்டில் பருப்பு, நடுத்தட்டில் பொடி, கீழே பாத்திரம். கண்ணைக் கட்டிவிட்டாலும் கடுகை எடுத்துவிடுவேன். மகளோடு மாப்பிள்ளை வீட்டில் வந்து தங்கிவிட்டாள் என்று ஈரோட்டில் நாலு பேர் பேசுவார்கள். சும்மா உட்கார்ந்து சாப்பிடுகிறாள் என்று மட்டும் யாரும் பேச முடியாது.

ஜூன் 16, ஞாயிறு

சம்பந்தி வந்துவிட்டார். இரண்டு பெட்டி, ஒரு மூட்டைக் கருவாடு, பழந்துணியில் பொதிந்த ஒரு மண்சட்டி. வந்ததும் தொட்டி முன்னால் நின்றார்.

"இத வளக்கதுக்கா இம்புட்டுச் செலவு?"

"பாக்கறதுக்குங்க."

"பாத்துட்டு?"

"பாத்துக்கிட்டே இருக்கறதுதாங்க."

கொஞ்ச நேரம் பார்த்தார். "இவன் சைசுக்கு எங்கூர்ல வலையில விழுந்தாக்கூட எடுக்கமாட்டாவ. நாலு சேந்தாத்தான் ஒரு வாய்" என்றார். லீடர் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வந்து அவரை முறைத்தான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

ஜூன் 18, செவ்வாய்

சம்பந்தி புளி ஜாடியை அடுப்புப் பக்கம் வைத்திருந்தார். எடுத்து நடுத்தட்டில் வைத்தேன். இதன் இடம் இதுதான் என்று அன்பாகத்தான் சொன்னேன்.

ஜூன் 21, வெள்ளி

மண்சட்டி விஷயம். அதைக் கேஸ் அடுப்பருகில் வைத்தால் கை பட்டு உடையும். அவ்வளவு தூரத்திலிருந்து கொண்டுவந்த பொருள். அதனால் துணி சுற்றிப் பரணில் பத்திரமாக வைத்தேன். "சம்பந்தி, சட்டிய பத்திரமா மேல வெச்சிருக்கேனுங்க, ஒடைஞ்சிரக் கூடாது பாருங்க" என்றேன்.

"நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும் சம்பந்தி" என்றார்.

எவ்வளவு மரியாதை தெரிந்த மனுஷி. இரண்டு சம்பந்திகள் ஒரே வீட்டில் இருந்து ஒரு சொல் கூடத் தடிக்கவில்லை என்றால் ஊரில் நம்புவார்களா? நான் "நீங்க உக்காருங்க" என்பேன். அவர் "இல்ல, நீங்க செய்யுங்க" என்பார். நான் செய்வேன்.

பிற்பகலில் வெங்காயம் உரித்துக்கொண்டே அவர் தன் ஊர்த் தெருக் கதைகளை ஆரம்பித்தால் முடிக்க மாட்டார். உப்பளத்துக் கங்காணி ஒருவன் பெண் பார்க்கப் போய், தப்பான வீட்டில் பலகாரம் தின்று, அந்த வீட்டுப் பெண்ணையே கட்டிக்கொண்ட கதை இன்று. கேட்டுத் தலைவலி. கடைசியில் முதல் வீட்டுப் பெண் என்ன ஆனாள் என்பதை அவர் சொல்லவே இல்லை. நாளைக்குக் கேட்க வேண்டும்.

ஜூன் 23, ஞாயிறு

கோமாளி மீன் ஜோடி வந்தது. ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை, நீந்துவதற்குப் பதில் தள்ளாடும். பையோடு தொட்டியில் மிதக்கவிட்டு, தொட்டித் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பைக்குள் ஊற்றிப் பழக்கி, பிறகு திறந்துவிட்டேன்.

லீடர் வரவேற்கப் போகிறான் என்று பார்த்தேன். குகையிலிருந்து அம்பு மாதிரி வந்து இடித்தான். பெரியது இடப்பக்கம் போனால் இடப்பக்கம் விரட்டினான், வலப்பக்கம் போனால் வலப்பக்கம். இரண்டும் மேல் மூலையில் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டு நின்றன.

"ஏன் இப்பிடி வெரட்டுதான்?" என்றார் சம்பந்தி.

"ஒழுங்கு பழக்கறானுங்க. ரெண்டு நாள்ல சரியாயிரும்."

"அதுகளும் மீனுதான? அதுகளுக்கு நீந்தத் தெரியாதா?"

குக்கர் விசில் அடித்தது. அவர் எழப் போனார். நீங்கள் உட்காருங்கள் என்று நானே போனேன்.

ஜூன் 26, புதன்

கோமாளிகள் இன்னும் மூலையில்தான். சம்பந்தி பால்கனி நாற்காலியில்.

ஜூன் 27, வியாழன்

இப்போதெல்லாம் சம்பந்தி சமையலறைப் பக்கம் வருவதில்லை. எனக்கு வேலை சுலபம். எல்லாரும் சாப்பிட்ட பிறகுதான் சாப்பிடுகிறார், அதுவும் கொறிப்புதான். பசி இல்லையாம். சென்னைத் தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை போல.

பிற்பகலில் கதையும் இல்லை. வீடு அமைதியாக இருக்கிறது, படிக்க வசதி. ஒரே பக்கத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். எழுத்து பொடியாக அச்சடித்திருக்கிறார்கள்.

ஜூன் 30, ஞாயிறு

சாதுவாக ஒன்று இருந்தால் தொட்டியில் சூழ்நிலை மாறும் என்று நினைத்தேன். வகுப்பில் இது பலித்திருக்கிறது. இரண்டு முரடர்களுக்கு நடுவில் ஒரு பயந்த பிள்ளையை உட்கார வைத்தால் இருவரும் அவளைப் பாதுகாக்க ஆரம்பித்துவிடுவார்கள். எனவே நெருப்பு மீன் ஒன்று வாங்கினோம். பாதி வெள்ளை, பின்பாதி தீ மாதிரி சிவப்பு, தலையில் நீளமாக ஒரு கொண்டை. பயந்தால் தண்ணீருக்கு வெளியே குதித்துவிடுமாம். அதற்காக மேலே வலை மூடி போட்டோம்.

"புதுப்பொண்ணு மாதிரில்லா இருக்கு" என்றார் சம்பந்தி. இந்த வாரத்தில் அவர் பேசிய நீளமான வாக்கியம் அதுதான்.

லீடர் ஒரே ஒருமுறைதான் திரும்பிப் பார்த்தான். புதுப்பெண் பம்புக்குப் பின்னால் நுழைந்துவிட்டது. தீனி போட்டேன், வெளியே வரவில்லை.

ஜூலை 2, செவ்வாய்

நெருப்பு மீன் பம்புக்குப் பின்னாலேயே இருக்கிறது. தீனி மிதந்து போகும்போது எட்டிப் பார்க்கிறது. லீடரின் நிழல் பட்டதும் உள்ளே போய்விடுகிறது. இப்படியே போனால் செத்துவிடும்.

காலையில் காப்பி குடிக்கும்போது சம்பந்தி சொன்னார், "தம்பி, பத்தாந்தேதிக்கு ரயிலுக்கு டிக்கெட் போட்டிரு."

மாப்பிள்ளை தம்ளரைக் கீழே வைத்துவிட்டார். "என்னம்மா திடீர்னு? இங்க என்ன கொற?"

"ஒரு கொறயும் இல்ல. சம்பந்தி ராணி மாதிரி வச்சிருக்காவ. வீட்ட அடச்சே போட்டா கரையான் ஏறிரும்லா."

"விழுந்தீங்கன்னா யாரும்மா பாக்கது?"

"பாத்து நடப்பேன்."

மாப்பிள்ளை என்னைப் பார்த்தார். நான் தொட்டியைப் பார்த்தேன். சம்பந்தியின் விருப்பம், நாம் என்ன சொல்ல முடியும்? எனக்கும் அறை முழுசாகக் கிடைக்கும். ரொம்ப வசதி.

உப்புமாவில் உப்பு போட மறந்துவிட்டேன்.

ஜூலை 3, புதன்

லீடரைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று மாப்பிள்ளை சொன்னார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. ஒரு பிள்ளையையும் நான் டி.சி. கொடுத்து அனுப்பியதில்லை. சௌமியா போனில் தேடிப் பிடித்து உரக்கப் படித்தாள்.

"இந்த வகை மீனைக் கடைசியாகத்தான் விட வேண்டும். முதலில் விட்டால் தொட்டி முழுவதும் தனக்கே சொந்தம் என்று நினைத்துக்கொள்ளும். பின்னால் வருகிறவர்களை ஒதுங்கக்கூட விடாது. மீன் கெட்டது அல்ல. தன் இடம் போய்விடுமோ என்ற பயம்தான் காரணம்."

இதை ஏன் போனைப் பார்க்காமல் என்னைப் பார்த்துப் படித்தாள் என்று தெரியவில்லை.

"அதுக்கு என்ன வழி போட்டிருக்குது?"

"கல்லை எல்லாம் எடுத்து வேற மாதிரி அடுக்கணுமாம். அவனைத் தனியா ஒரு கூடையில ரெண்டு நாள் போட்டு வெக்கணுமாம். திரும்பி வந்தா எது யாரோட இடம்னு யாருக்கும் தெரியாது. எல்லாரும் ஒரே நாள்ல வந்த மாதிரி ஆயிரும்."

"ம்" என்றேன்.

"நல்ல யோசனை இல்லீங்களாம்மா?"

"மீனுக்குத்தானே படிக்கறே? படி."

ஜூலை 4, வியாழன்

லீடரை வலையில் பிடிக்கவே காலை முழுக்க ஆயிற்று. பிடித்து, ஓட்டை போட்ட பிளாஸ்டிக் கூடையில் போட்டு, தொட்டியின் ஓரத்திலேயே கட்டித் தொங்கவிட்டோம். மற்ற மூன்றும், கல் அடுக்கி முடியும்வரை, தொட்டித் தண்ணீரோடு வாளியில்.

கற்கள் கனம். எனக்கு முதுகு பிடித்துக்கொள்ளும். பால்கனியைப் பார்த்து, "சம்பந்தி, கொஞ்சம் கை குடுக்கறீங்களா?" என்றேன். வளையலைக் கழற்றி வைத்துவிட்டு, புடவையைச் செருகிக்கொண்டு வந்தார். இருவரும் ஸ்டூல் போட்டு ஏறி, முழங்கை வரை உப்புத் தண்ணீரில் விட்டோம்.

பெரிய கல்லை நான் நடுவில் வைத்தேன்.

"அங்கன வைக்காதீங்க. விழுந்திரும்."

"விழாதுங்க."

விழுந்தது. மணல் கிளம்பித் தொட்டியே கலங்கிவிட்டது.

"சொன்னேன்லா."

"சொன்னீங்க, சரி. அதுக்குன்னு அந்தக் கல்லை அப்புடியா சாய்ப்பீங்க? பாக்கறதுக்கு நல்லாவா இருக்குது?"

"மீனு பாக்கதுக்கா, நீங்க பாக்கதுக்கா? அதுக்கு ஒளியதுக்கு ஓட்ட வேணும்லா? கொஞ்சம் கைய எடுங்க."

"நீங்க எடுங்க."

"என்னமா வம்பு பண்ணுதீங்க."

பிள்ளைகளுக்குக் கல்யாணமாகி இத்தனை வருடத்தில் சம்பந்திகள் நாங்கள் போட்ட முதல் சண்டை இது. இரண்டு பேர் புடவையும் நனைந்து, தரையெல்லாம் தண்ணீர். அவர் கண்ணில் நீர் வரச் சிரித்தார். உப்பளத்து முதல் வீட்டுப் பெண்ணின் கதையும் அப்போதுதான் தெரிந்தது. அவள் கங்காணியின் தம்பியைக் கட்டிக்கொண்டாளாம். இரண்டு பெண்களும் ஒரே வீட்டுக்கு மருமகள்கள்.

"ஒத்துப்போச்சுங்களா?"

"எங்க ஒத்துப்போக? தெனமும் சண்ட. ஒருத்தி ஊருக்குப் போனா இன்னொருத்தி சாப்பிடமாட்டா."

ஜூலை 6, சனி

லீடரைத் திறந்துவிட்டோம். குகை இருந்த இடத்துக்கு நேராகப் போனான். அங்கே வெறும் மணல். நடுப்பாறை இருந்த இடத்தில் கோமாளிகள் தள்ளாடிக்கொண்டிருந்தன. பெரியது இவனைப் பார்த்து ஒரு அடி முன்னால் வந்தது. இவன் நின்றான். திரும்பினான். கீழே ஒரு சின்னப் பொந்தைக் கண்டுபிடித்து, தலையை மட்டும் நீட்டிக்கொண்டு உட்கார்ந்தான். பள்ளி மாறி வந்த பிள்ளை முதல் நாள் உட்காருகிற மாதிரி.

மாலையில் நெருப்பு மீன் வெளியே வந்து தீனி தின்றது. சம்பந்தி மாப்பிள்ளையைக் கூவிக் கூப்பிட்டார்.

டிக்கெட் பத்தாம் தேதிக்கு உறுதியாகிவிட்டதாம்.

ஜூலை 7, ஞாயிறு

சமையலறையில் கரப்பான்பூச்சி பார்த்தேன். ஒன்றல்ல, பல. யாரும் இல்லாத நேரத்தில் பார்த்ததால் வேறு யாருக்கும் தெரியவில்லை.

எனவே எல்லாவற்றையும் இறக்கினேன். பருப்பு, பொடி, பாத்திரம், பரணில் இருந்த மண்சட்டி, எல்லாம் ஹால் தரையில். அஞ்சறைப் பெட்டி ஒன்றுதான் பாக்கி. அதைக் கீழே வைக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. டப்பாக்களில் ஒட்டிய பெயர்களையும் ஈரத் துணியால் துடைத்துவிட்டேன், அழுக்காக இருந்தன.

தட்டுகளைக் கழுவி முடித்ததும் முதுகு பிடித்துக்கொண்டது. "சம்பந்தி, என்னால இனிக் குனிய முடியாதுங்க. அடுக்கறதுக்கு நீங்க எதாச்சும் செய்யுங்க" என்று சொல்லிவிட்டுப் போய்க் கட்டிலில் படுத்தேன்.

சௌமியா எட்டிப் பார்த்தாள். "எங்கம்மா கரப்பான்?"

"ஓடிப்போச்சு."

"எல்லாமா?"

"நீ போய் அத்தைக்கு எடுத்துக் குடு."

சமையலறையிலிருந்து சத்தம் வந்தது. டப்பா உருளும் சத்தம். "மேல எதுக்குப் பருப்பு? எட்டி எட்டி எடுத்தா தோள்பட்டைதான் போகும்" என்கிற குரல். இரண்டு முறை எழுந்து போய்ச் சொல்லலாம் என்று காலைத் தரையில் வைத்தேன். இரண்டு முறையும் காலை மேலே தூக்கிப் போட்டுக்கொண்டேன். முதுகு வலி அப்படி.

ஜூலை 8, திங்கள்

காலையில் காப்பி போடப் போனேன். சர்க்கரை இல்லை. மேலே, கீழே, அரிசிக்குப் பின்னால், எங்கும் இல்லை. பொறுமையாகத் தேடினேன். அப்புறம் பொறுமை இல்லாமலும் தேடினேன். கடைசியில் கேட்க வேண்டியதாயிற்று.

"சம்பந்தி, சர்க்கரை எங்க வெச்சிருக்கீங்க?"

பல் விளக்கிக்கொண்டிருந்தவர் பால்கனியிலிருந்தே சொன்னார். "ஜன்னல் ஓரம், வலது கைப்பக்கம். காப்பிப்பொடியும் அங்கனதான். ரெண்டையும் ஏன் தூரத் தூரமா வச்சு நடக்கணும்?"

இருந்தது. எட்டவும் வேண்டியதில்லை. நல்ல இடமென்று நான் சொல்லவில்லை.

மதியம் மண்சட்டியில் சீலா மீன் குழம்பு. எங்கள் ஊர்ப் பக்கம் இவ்வளவு தேங்காய் அரைக்கமாட்டோம் என்றேன். "அதான் உங்க ஊர்க் கொழம்பு தண்ணியாக் கெடக்கு" என்றார். மாப்பிள்ளை தலையே நிமிரவில்லை. நானும் சோறு கொஞ்சம் கூடப் போட்டுக்கொண்டேன். பிடித்தா என்று சௌமியா கேட்டாள். பசி என்றேன்.

ஜூலை 10, புதன்

பெட்டி கட்டிவிட்டார். காலையிலிருந்து நான் தொட்டி வேலையாகவே இருந்தேன். கண்ணாடியில் பாசி ஒன்றும் பெரிதாக இல்லை, ஆனாலும் தேய்த்தேன்.

மாப்பிள்ளை ஆட்டோவுக்குச் சொல்லிவிட்டு வாசலில் நின்றார். முகம் பார்க்கச் சகிக்கவில்லை. போகாதீர்கள் என்று ஒரு வார்த்தை சொல்லலாம். சம்பந்தி வீட்டு அம்மாளிடம், அவருடைய சொந்த மகன் வீட்டில் நின்றுகொண்டு, நான் எப்படி அதைச் சொல்வது? பாசியைத் தேய்த்துக்கொண்டே நின்றேன்.

சமையலறையிலிருந்து குரல் வந்தது.

"மதினி, இங்கன வாங்க."

யாரைக் கூப்பிடுகிறார் என்று முதலில் திரும்பிப் பார்த்தேன். ஹாலில் நான்தான் இருந்தேன். போனேன். கீழ்த்தட்டில் விரலை விரித்து விரித்துச் சாண் போட்டு அளந்துகொண்டிருந்தார்.

"என்னங்க பண்றீங்க?"

"எங்க வீட்டு இட்லிக் கொப்பரை இதுல ஏறுமான்னு பாக்குதேன். நம்ம நாலு பேருக்கு உங்க குக்கர்ல ஊத்தி எப்பம் முடிய? உரலும் ஒண்ணு கெடக்கு, அது பால்கனில நின்னுக்கும். மருமவகிட்ட சொல்லி ஞாயித்துக்கெழம திரும்பி வர டிக்கெட் போட்டாச்சு. வீட்ட எந்தம்பி மவன்கிட்ட வாடகைக்கு விட்டுட்டு வாரேன்."

"உங்க மகனுக்குத் தெரியுங்களா?"

"ரயில் ஏறுனதும் சொல்லுதேன். கொஞ்ச நேரம் இப்பிடியே நிக்கட்டும். எம்மேல எவ்வளவு பாசம்னு இன்னிக்குத்தான் பாக்கக் கெடச்சிருக்கு."

நான் அடுப்பைத் துடைத்தேன். ஏற்கெனவே துடைத்த அடுப்புதான்.

"கொப்பரை ஏறணும்னா ஒங்க குக்கர் எறங்கணும் மதினி" என்றார்.

"அதெல்லாம் எறங்காதுங்க."

"எறங்கும். பாப்போம்."

ஆட்டோ தெருமுனை திரும்பும்வரை பால்கனியில் நின்றேன். உள்ளே வந்து குக்கரை இறக்கி, சலவை இயந்திரத்துக்குப் பக்கத்தில் வைத்தேன். அவர் சொன்னதற்காக இல்லை. அந்த இடத்தில் அது ஆடிக்கொண்டே இருந்தது.

இந்த நோட்டு யார் கையிலாவது கிடைத்தால் ஒரே ஒரு வீட்டுப்பாடம் தருகிறேன். உங்கள் வீட்டில் ஒருவர் வந்து தங்கப் போகிறார் என்றால், முந்தைய நாளே சமையலறைத் தட்டுகளைக் காலி செய்து எல்லாவற்றையும் தரையில் வையுங்கள், அவர் வந்த பிறகு இரண்டு பேருமாக எடுத்து அடுக்குங்கள்.